உண்கலமும் சேமக்கலமும்

1

குற்றாலத்தில் ஒரு விடுதியின் மாடிக் கொட்டகையில் பாய் விரித்து மல்லாந்து கிடந்த பதினைந்து பேரில் நானும் ஒருவன். நண்பர் ஒருவரின் வற்புறுத்தல். நடத்தியவர் ஏழு கிண்ணங்களை அளவு வரிசைப்படி துணியின் மேல் வைத்திருந்தார். தோல் சுற்றிய கட்டையால் ஒவ்வொன்றையும் தட்டினார். பிறகு கட்டையை விளிம்போடு அழுத்திச் சுற்றினார். கிண்ணம் பாடத் தொடங்கியது. இவை திபெத்திய லாமாக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தியானத்துக்குக் கைக்கொண்டவை என்றும், ஏழு கிரகங்களுக்குரிய ஏழு உலோகங்களால் ஆனவை என்றும், இந்த ஓசை உடம்பின் ஒவ்வொரு அணுவையும் சுத்தி செய்யும் என்றும் சொன்னார். ஒன்றை எடுத்து என் மார்பின் மேல் வைத்துத் தட்டவும் செய்தார்.

எனக்குத் தியானம் கூடவில்லை. ஆச்சியின் கும்பா ஞாபகம் வந்தது.

அது வாய் அகன்ற வெண்கலக் கும்பா. அடியில் ஒரு வளையம், வெளிப்புறம் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு எழுத்து, அவளுடைய தகப்பனார் பெயரின் முதலும் அவள் பெயரின் முதலும். ராத்திரி தண்ணீர் ஊற்றிய சோற்றைக் காலையில் மோர் விட்டுப் பிசைந்து அதில்தான் உண்பாள். சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கிக் கவிழ்ப்பதற்கு முன் சுண்டுவிரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டுவது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது கரண்டியால் அதை அடித்து விளையாடுவேன். "ஏல, வெங்கலத்த அடிக்காத. கீறிரும். கீறிட்டுன்னா சத்தம் செத்துப்போவும். சத்தம் செத்தா பாத்திரமும் செத்த மாதிரிதான்" என்பாள்.

மார்பின் மேல் அதிர்ந்த கிண்ணத்துக்கும் அவள் கவிழ்த்து வைத்த கும்பாவுக்கும் என்ன உறவு? இந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில் விடுதிக்காரரின் வியாபாரத்துக்கு உதவாது. நம்முடைய பெருமைக்கும் உதவாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2

செம்பு என்ற உலோகப் பெயர் தண்ணீர் மொள்ளும் பாத்திரத்துக்கு ஆகிவந்தது. வெண்கலத்தில் நடந்திருப்பது இதற்கு மறுதலை. சொல்லைப் பிரித்தால் வெண்மை, கலம். உலோகமே பாத்திரத்தின் பெயரால் அறியப்படுகிறது. இரும்பும் பொன்னும் மண்ணிலிருந்து வருபவை. வெண்கலம் அடுப்பிலிருந்து வருவது. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்; துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. பித்தளையில் மோரோ புளியோ பட்டால் களிம்பு ஏறும். அதனால்தான் ஈயம் பூசுகிறவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். நல்ல வெண்கலத்துக்குப் பூச்சு தேவையில்லை. ஆச்சியின் பழையதும் மோரும் கும்பாவுக்குப் போனதில் சமையலறையின் ரஸாயன அறிவு இருந்தது.

தாமிரபரணிக்காரர்களுக்குத் தாமிரத்தின் மேல் ஒரு பாத்தியதை உணர்வு உண்டு. ஆற்றின் பெயரிலேயே அந்தச் சொல் கேட்கிறது. நெல்லையப்பர் கோயிலில் நடராஜர் ஆடுவது தாமிர சபையில். ஆனால் வெண்கலத்துக்குத் தாமிரம் மட்டும் போதாது, வெள்ளீயம் வேண்டும். வெள்ளீயம் தமிழ்நாட்டு மண்ணில் எடுக்கிற பொருள் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளஸ், மேற்குக் கடற்கரையின் முசிறிப் பக்கம் வந்திறங்கிய சரக்குகளில் செம்பையும் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது வெண்கலம் என்ற பொருளே ஒரு போக்குவரத்தின் அடையாளம். தன் மண்ணில் மட்டும் வேர்விட்ட கலாச்சாரம் என்று எதையாவது காட்ட விரும்புகிறவர்கள் வெண்கலத்தை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆற்றின் தென்கரையில், 114 ஏக்கர் பரப்பில் கிடக்கிறது ஆதிச்சநல்லூர் பரம்பு. இப்போது அது தூத்துக்குடி மாவட்டம். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகர் முதலில் தோண்டினார். எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-க்கும் 1905-க்கும் இடையே அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1915-இல் அவற்றின் பட்டியல் அச்சாயிற்று. நூறு வருஷம் கழித்து 2004-இல் சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. 2023-இல் தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடி போட்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள். குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே தாழிகள்.

ரீயின் பட்டியலைப் புரட்டுகிறவனுக்கு ஒன்று தென்படும். ஆயுதங்களும் கருவிகளும் இரும்பில். வெண்கலம் வீட்டுச் சாமான்களிலும் அணிகளிலும். கிண்ணங்கள், வடிகட்டிகள், பறவையும் எருமையும் ஆடும் முகட்டில் நிற்கிற மூடிகள். இரும்பு வெட்டுவதற்கு, வெண்கலம் உண்பதற்கு என்று அந்த மனிதர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவனோடு இரண்டையும் வைத்தார்கள்.

இந்த வெண்கலத்தின் தரத்தை நமக்குச் சொன்னவர் சாரதா ஸ்ரீனிவாசன். பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். உலோகவியலும் நடனமும் சேர்ந்து பயின்றவர். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரி ஈமக்குழிகளிலும் கிடைத்த கிண்ணங்களில் சிலவற்றை அவர் ஆராய்ந்தபோது வெள்ளீயம் நூற்றுக்கு 23 பங்கை ஒட்டி இருந்தது. உள்ளமைப்பு, அவை காய்ச்சி அடித்துத் தண்ணீரில் அமிழ்த்தப்பட்டவை என்று காட்டியது. வார்த்ததோடு நின்ற பாத்திரங்கள் அல்ல அவை. இதே வகைக் கிண்ணங்கள் தாய்லாந்தில் பான் டோன் தா பெட் என்ற ஈமக்காட்டிலும் கிடைத்திருக்கின்றன, காலம் கி.மு. நாலாம் நூற்றாண்டை ஒட்டியது. அங்கே தோண்டிய இயன் குளோவரும் சாரதா ஸ்ரீனிவாசனும் சேர்ந்து 1995-இல் எழுதிய கட்டுரை கேரளத்தில் இந்த வேலை இன்னும் உயிரோடு இருந்ததைப் பதிவு செய்தது.

குற்றாலத்தில் என் மார்பில் வைக்கப்பட்டதும் இதே வகை உலோகம்தான். செம்பு 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு; அல்லது அதற்கு அருகில். அசாமில் சர்த்தேபாரிக் கன்னார்கள் அடிக்கிற வெண்கலம், வங்காளத்துக் காம்ஸா, கொரியாவில் உண்கலத்துக்கும் கிராமத்துச் சேகண்டிக்கும் ஒன்றாகவே பயன்பட்ட பாங்ச்சா, எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றியே வருகின்றன.

3

22 பங்கு வெள்ளீயம் என்பது ஒரு அபாயமான அளவு. பத்துப் பங்கு சேர்த்தால் உலோகம் வளையும், உழைக்கும், ஆனால் பாடாது. முப்பதைத் தாண்டினால் ஆரன்முளைக் கண்ணாடி மாதிரி வெள்ளி நிறம் வரும், முகம் பார்க்கலாம், கீழே போட்டால் நொறுங்கும். 22, 23 என்பது இரண்டுக்கும் இடையில் ஒரு ஒற்றையடிப் பாதை. அறைச் சூட்டில் அடித்தால் உடையும். சிவக்கக் காய்ச்சி, ஏறத்தாழ 600 முதல் 750 டிகிரி செல்ஷியஸ் வரை, அடித்தால் மாவைப் போல் இளகும். சூடு தணியத் தணிய மறுபடி உடையும் நிலைக்கு வரும். ஆகவே ஐந்தாறு அடி, மறுபடி உலை; மறுபடி ஐந்தாறு அடி, மறுபடி உலை. ஒரு கிண்ணம் விரிந்து முடிவதற்குள் எத்தனை முறை நெருப்புக்குள் போய் வருகிறது என்று எண்ணுகிறவன் வேலை செய்ய மாட்டான்.

கடைசியில் சிவந்த கிண்ணத்தைச் சட்டென்று தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். இங்கேதான் வெண்கலம் இரும்பிலிருந்து பிரிகிறது. அரிவாளைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். வெண்கலத்தைத் தோய்த்தால் அதன் நொறுங்கும் சுபாவம் அடங்கும். மெல்ல ஆற விட்டால் உள்ளே பொரபொரப்பான வேறொரு அமைப்பு உண்டாகி உலோகம் கண்ணாடி போல் ஆகிவிடும். சட்டென்று குளிர்விப்பது அது உண்டாகாமல் தடுத்து, சிவந்த நிலையில் இருந்த அமைப்பை அப்படியே பிடித்து வைக்கிறது. கொல்லனுக்குத் தெரிந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்கு எதிராகப் போய்த்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அலெக்ஸாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதாக ஸ்ட்ராபோ ஒரு விஷயத்தைப் பதிந்திருக்கிறார். இந்தியர்கள் அடித்த வெண்கலத்தை விட்டு வார்த்த வெண்கலத்தையே புழங்குகிறார்கள். கீழே விழுந்தால் அது மண்பானை மாதிரி உடைந்துவிடுகிறது என்று. கிரேக்கனுக்கு இது விநோதமாக இருந்தது. வெள்ளீயம் மிகுந்த வார்ப்பு வெண்கலத்தைக் கண்ணால் கண்டவன் சொன்ன வாக்கு என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கிறவனும் வார்க்கிறவனும் இந்த நாட்டில் அக்கம்பக்கமாகவே இருந்தார்கள். ஒருவன் வேலை கடினம், பாத்திரம் உறுதி. மற்றவன் வேலை எளிது, பாத்திரம் கீறும்.

நம் பக்கத்தில் நிலைத்தது வார்ப்பு. திருநெல்வேலிச் சீமையில் வாகைக்குளம் வெண்கல வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். மெழுகும் களிமண்ணும் கொண்டு அச்சுக் கட்டி, உருக்கி ஊற்றி, அச்சை உடைத்துப் பிறகு கடைசல் பிடித்து மெருகேற்றுகிற வேலை. குத்துவிளக்கும் உருளியும் மணியும் இப்படித்தான் வருகின்றன. ஆச்சியின் கும்பாவும் வார்ப்புத்தான். உள்பக்கம் கடைசல் உளி ஓடிய மெல்லிய வட்டக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். அதனால்தான் 'கீறிரும்' என்று அவள் பயந்தாள். நியார்க்கஸுக்கு இருந்த அதே பயம்.

ஆதிச்சநல்லூர் அடித்தது, வாகைக்குளம் வார்க்கிறது. நடுவே எங்கோ ஒரு கை விட்டுப்போயிற்று. 'மூவாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி' என்று மேடையில் சொல்கிறபோது இந்த விட்டுப்போன கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொழில் தொடர்ந்தது, பாத்திரம் தொடர்ந்தது, உலோகக் கலவையும் தொடர்ந்தது. உத்தி மட்டும் தொடரவில்லை. கேரளத்தில் ஒரு சில கம்மாளர் குடும்பங்களில் அது மிஞ்சியிருந்தது. பாரம்பரியம் என்பதை நாம் ஒரே கயிறாகக் கற்பனை செய்கிறோம். கிட்டே போய்ப் பார்த்தால் சில பிரிகள் அறுந்தும் சில பிரிகள் ஓடியும் இருக்கின்றன.

4

கிண்ணம் ஏன் பாடுகிறது? விளிம்பைத் தட்டினால் வட்டம் வட்டமாக இருந்தபடி அதிர்வதில்லை. ஒரு திசையில் நீண்டு முட்டை வடிவாகிறது. மறுகணம் அதற்குக் குறுக்குத் திசையில் நீள்கிறது. கட்டையை விளிம்போடு தேய்த்தால் கட்டை பற்றுகிறது, வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. பிடில் நரம்பின் மேல் வில் செய்கிற அதே காரியம். கிண்ணத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நீர்ப்பரப்பில் வரிவரியாக அலை எழும்பித் துளிகள் துள்ளும். டெர்வாக்னே, புஷ் என்ற இரண்டு பௌதிகர்கள் 2011-இல் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தில் அதிர்வை விழுங்கும் உள் உராய்வு குறைவு. அதனால் ஓசை நீள்கிறது. காரீயம் கலந்தால் மங்குகிறது. கீறல் விழுந்தால் சாகிறது.

என்னைத் தடுத்து நிறுத்திய விஷயம் இன்னொன்று. அப்பழுக்கற்ற வட்டமாக, எங்கும் ஒரே கனமாக ஒரு கிண்ணம் செய்ய முடிந்தால் அதன் ஓசை ஒரே சுருதியில் நேராக ஓடி அடங்கும். கையால் அடித்த கிண்ணத்தில் சுவர் ஓரிடம் கனத்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். அதனால் அந்த ஒரே அதிர்வு மிக நெருக்கமான இரண்டு சுருதிகளாகப் பிளக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கூடியும் குறைத்தும் ஓசை விம்முகிறது. படுத்திருந்த பதினைந்து பேரும் கண்மூடிச் சொக்கியது இந்த விம்மலுக்குத்தான். ஏதோ ஒரு கன்னான் சுத்தியலை ஒரு இடத்தில் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கிறான். அவன் பிழையை நாம் பிரபஞ்ச நாதம் என்கிறோம். ஏளனமாகச் சொல்லவில்லை. கை வேலையில் பிழை கேட்கிறது என்பது நல்ல செய்தி.

இனி லாமாக்கள். திபெத்திய மடங்களின் சடங்கில் கைமணி உண்டு, வஜ்ரம் உண்டு, கைத்தாளம் உண்டு, பத்தடி நீளக் கொம்பு உண்டு. தேய்த்துப் பாட வைக்கும் கிண்ணத்துக்கு இடம் இல்லை. கிண்ணங்கள் இமயச் சரிவுகளில் சோறும் தானியமும் வைத்துப் புழங்கியவை. 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து அகதிகள் நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இறங்கினார்கள். காட்மாண்டுத் தெருக்களில் வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து குவிந்த காலம் அது. பழம்பாத்திரக் கடைகளில் அவர்கள் கிண்ணங்களைத் தட்டிப் பார்த்தார்கள். 1972-இல் ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரும் வெளியிட்ட 'டிபெட்டன் பெல்ஸ்' என்ற இசைத்தட்டு இந்த ஓசையை மேற்குலகுக்குக் கொண்டுபோயிற்று. பல்லாயிரம் ஆண்டு மரபின் பிறந்த தேதி ஏறத்தாழ இதுதான். சீர்காழி கோவிந்தராஜனின் குரலை வெண்கலக் குரல் என்று நம்மவர்கள் சொல்லத் தொடங்கியது இதைவிடப் பழசு.

ஏழு உலோகத்துக்கும் இதே கதி. சோதித்த கிண்ணங்களில் இருப்பது செம்பும் வெள்ளீயமும்; மற்றவை தாதுவோடு ஒட்டி வந்த சொற்பம். பட்டியலில் வரும் பாதரசம் 357 டிகிரியில் ஆவியாகிவிடும்; உலைக்கு அது உட்கார்ந்து கொடுக்காது. ஆனால் சிரிக்கிற அருகதை நமக்குக் குறைவு. நம் ஐம்பொன் படிமங்களை ஆராய்ந்தால் பெரும்பாலும் செம்பு, கூடவே வெள்ளீயமும் காரீயமும்; பொன்னும் வெள்ளியும் பெயருக்கு. அவர்களுக்கு ஏழு கிரகம், நமக்குப் பஞ்சபூதம். எண்ணிக்கைதான் வேறு.

கிழக்கே உண்மையான மரபு ஒன்று இருக்கிறது. சீனத்திலும் ஜப்பானிலும் பௌத்தக் கோயில்களில் திண்டின் மேல் நிமிர்த்தி வைத்த கிண்ண மணியை ஓதலின் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் தட்டுகிறார்கள். ஜப்பானிய வீடுகளில் முன்னோர் மாடத்துக்கு எதிரே அதன் சின்ன வடிவம் இருக்கும். தேய்ப்பது இல்லை, தட்டுவதுதான். கவனத்தை ஆரம்பிக்கவும் முடிக்கவும் ஒரு புள்ளி. விடுதியில் நடந்தது அதல்ல. அங்கே ஓசையே பண்டம்.

5

தியானத்துக்கும் வெண்கல ஓசைக்கும் உறவே இல்லை என்று ஆகிவிடுமா? இல்லை. இருக்கிறது, ஆனால் அது கிண்ணக்காரர்கள் தேடாத இடத்தில் இருக்கிறது.

பாலியில் மிலிந்த பஞ்ஹம் என்று ஒரு நூல். கிரேக்க மன்னன் மினாண்டருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடக்கும் உரையாடல். அதில் மனம் ஒரு பொருளைச் சென்று தொடுவதையும் தொட்ட பின் அதிலேயே நின்று சுற்றுவதையும் பிரித்துக் காட்ட நாகசேனர் ஒரு உவமை சொல்கிறார். வெண்கலத் தட்டை அடித்தால் முதல் அடி ஒன்று; பிறகு தொடரும் ரீங்காரம் ஒன்று. முதலாவது விதக்கம், இரண்டாவது விசாரம். கவனிக்க வேண்டும், அவர் எடுத்துக்கொண்டது கோயில் மணி அல்ல. காம்ஸ தாலம், அதாவது உண்ணும் தட்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து விசுத்தி மார்க்கம் எழுதிய புத்தகோஷரும் மணியோசையை வைத்து இதையே விளக்குகிறார். தேரவாதிகளுக்கு அந்தக் காலத்து வடமொழிப் பெயர்களில் ஒன்று தாம்ரபர்ணீயர். அது இலங்கையின் பழைய பெயரைக் கொண்டு வந்தது. நம் ஆற்றுக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள ஒற்றுமையை வைத்து யாராவது புத்தகோஷரை முறப்பநாட்டுக்காரர் ஆக்கிவிடக்கூடும் என்பதால் இதை இத்தோடு நிறுத்துகிறேன்.

இந்த உவமை எங்கே போய் முடிகிறது என்பதுதான் முக்கியம். தியானத்தின் முதல் படியில் விதக்கமும் விசாரமும் உண்டு. இரண்டாம் படியில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. அதாவது வெண்கல ஓசை கடக்கப்பட வேண்டிய படிக்கு உவமை. தம்மபதத்தில் இதன் இன்னொரு முகம் வருகிறது. அடங்கியவனுக்கு அங்கே உவமையாவது உடைந்து ஓசை அற்றுப்போன வெண்கலம். ஆச்சி சொன்னாளே, சத்தம் செத்தா பாத்திரம் செத்த மாதிரி என்று. அந்தச் சாவையே அந்த நூல் நிர்வாணத்தின் பக்கம் வைக்கிறது. இரண்டு பேரும் ஒரே பொருளின் ஒரே குணத்தைக் கண்டவர்கள். ஒருத்திக்குப் பாத்திரம் வேண்டும். மற்றவர்களுக்கு விடுதலை வேண்டும். ஓசையை நீட்டி விற்கிற மூன்றாவது ஆளுக்கு இரண்டும் வேண்டாம்.

இலக்கியக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் தொனிக் கொள்கையை வகுத்தபோது, நேர்ப்பொருள் புரிந்த பின் அடுத்து எழும் குறிப்புப் பொருளின் ஒரு வகையை மணியின் பின்னோசைக்கு ஒப்பிட்டார். அனுரணனம் என்பது அவர் சொல். அடி முடிந்துவிட்டது, அடித்தவன் கையை எடுத்துவிட்டான், ஓசை இன்னும் வருகிறது. கவிதை என்பதை இதைவிடச் சிக்கனமாக யாரும் சொல்லிவிடவில்லை. நம்மிடையே எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவற்றைத் தட்டிப் பார்த்தால் முதல் அடி பலமாகத்தான் விழுகிறது. பிறகு காரீயம்.

பின்னோசைக்கு அவசியம் என்ன? கலவை சரியாக இருக்க வேண்டும். கீறல் இருக்கக் கூடாது. அடித்த கை விலக வேண்டும். இவை கன்னானுக்கும் கவிஞனுக்கும் பொது. தியானிக்கு எப்படியோ, எனக்குத் தெரிந்த அளவில் விலகுவதுதான் கடினம்.

6

தமிழில் கலம் என்ற சொல் ஒன்றே பலவற்றுக்கு நிற்கிறது. உண்பது உண்கலம். கடலில் போவது மரக்கலம். சங்கோடு சேர்த்து அடிக்கிற வட்டத் தகடு சேமக்கலம், பேச்சில் சேகண்டி. மார்கழி விடியலிலும் புரட்டாசிச் சனிக்கிழமையிலும் தெருவில் வருகிறவர் கையில் அது இருக்கும். சாவு வீட்டிலும் இருக்கும். நம் ஊரில் உலோக ஓசையை உட்கார்ந்து கேட்கிற சந்தர்ப்பம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். சங்கு ஒரு முறை, சேகண்டி ஒரு அடி, பிறகு மௌனம். அந்த அடியின் ஓசை முழுக்க அடங்குமட்டும் பெரும்பாலும் அடுத்த அடி விழாது. யாரும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதில்லை, மூச்சைக் கவனிக்கச் சொல்வதில்லை. பந்தல்காரனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பவன் கை ஒரு கணம் நிற்கிறது. அவ்வளவுதான். அதைத் தியானம் என்று யாரும் பெயர் வைக்காததால் அதற்குக் கட்டணமும் ஏற்படவில்லை.

ஆச்சி செத்த அன்று அந்த ஓசையைக் கேட்டேன். கும்பா அடுக்களையில் கவிழ்த்தபடி இருந்தது.

இப்போது ஒரு ஆசை நமக்கு வரும். எனக்கு வந்தது. ஆதிச்சநல்லூரில் அடித்த வெண்கலக் கிண்ணம் இருக்கிறது. அதன் கலவை பாடுகிற கலவை. காலத்தால் இமயத்துக் கடைச்சரக்குக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. ஆகவே பாடும் கிண்ணத்தின் தாயகம் பொருநைக் கரை, தியானத்தின் ஓசையை உலகுக்குத் தந்தவன் தமிழன். கட்டுரை எழுதிவிடலாம். மாநாட்டில் வாசித்துவிடலாம். அடுத்த ஐந்து வருஷத்தில் குற்றாலத்தில் அதே ஏழு கிண்ணங்கள் 'ஆதித் தமிழ்க் கிண்ணங்கள்' என்ற பெயரில் அதே கட்டணத்துக்கு ஒலிக்கும். லாமாவின் இடத்தில் அகத்தியர் வந்து உட்காருவார். பொய்யின் உலோகக் கலவை மாறாது.

தாழிக்குள் இருந்த கிண்ணத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல முடிவது சின்ன விஷயம். அதைச் செய்தவன் அதைத் தட்டிப் பார்த்திருப்பான். தட்டாமல் கலவை சரியா, கீறல் உண்டா என்று அறிய அவனுக்கு வேறு வழி இல்லை. நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக்கடன் மேஜைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பதைப் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். பொன்னுக்குக் கண் சாட்சி. வெண்கலத்துக்குக் காது. வாங்குகிறவனும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினான். தட்டிக் கேட்பது ஆன்மிகம் ஆவதற்கு எத்தனையோ காலம் முன்பு அது நாணயத்தின் பரீட்சையாக இருந்தது. வெண்கலக் கடையில் யானை புகுந்த பழமொழி ஒரு சத்தத்தைப் பற்றிய பழமொழி என்பதை நாம் மறந்துவிட்டோம். கடை முழுக்க ஓசை உறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைச் சொன்னார்கள்.

கருமாதி முடிந்த மறுமாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வாடகை வீட்டில் பரண் இல்லை. பித்தளைத் தவலை இரண்டு, ஒரு உருளி, கால் உடைந்த விளக்கு, இவற்றோடு கும்பாவையும் சாக்கில் கட்டி டவுன் ரதவீதியில் ஒரு பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனது நான்தான். என் மனைவி வேண்டாம் என்றாள். யார் பழையது சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டேன். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். தவலைகளைப் பார்க்காமலே தராசில் போட்டார். கும்பாவை எடுத்தவர் இடது கையின் ஐந்து விரல் நுனியில் அதை ஏந்திக்கொண்டு, வலது சுண்டுவிரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பஸ் சத்தத்துக்கு நடுவே அது கணீரென்று எழுந்து, விம்மாமல், ஒரே நேராக ஓடியது. வார்த்துக் கடைசல் பிடித்த பாத்திரம். அடங்குமட்டும் அவர் பேசவில்லை.

"நல்ல சாமான். கொடுக்கணுமா அண்ணாச்சி?" என்றார்.

என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர் என்னை அண்ணாச்சி என்றதில் வியாபார மரியாதைதான் இருந்திருக்கும். நான் தலையாட்டினேன். ஒரு கிலோ இருநூறு கிராம். வெண்கலம் தனியாக, பித்தளை தனியாகக் கணக்குப் போட்டுப் பணம் தந்தார். எழுத்து வெட்டியிருந்த பக்கம் கீழே இருக்கும்படி கும்பாவை மற்ற வெண்கலங்களின் மேல் கவிழ்த்தார். எண்ணிப் பார்த்தேன். வங்கிக்காரன், எண்ணாமல் வாங்கமாட்டேன். கணக்குச் சரியாக இருந்தது.